தோற்றவர் கண்ணில் நடுவர்

கோவா மாநிலம் மட்காவில் உள்ள ஃபட்டோர்டா மைதானத்தில் 2023 மார்ச் 18 இரவு நடந்த இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதியாட்டம் முடிய ஐந்து நிமிடங்களே எஞ்சியிருந்தன. பெங்களூரு அணி 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஏடிகே மோகன் பகான் அணியின் இளம் வீரர் கியான் நசிரி பெனால்டி எல்லையை நோக்கி விரைந்தபோது, பெங்களூரு வீரர் பாப்லோ பெரெஸ் அவரை வீழ்த்தினார். நடுவர் விசிலை ஊதி, பெனால்டி புள்ளியைக் கைகாட்டினார். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பப் பார்த்த பலருக்கு, கால் பட்ட இடம் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்ததாகவே தோன்றியது. வெளியே என்றால் அது ஃப்ரீ கிக். உள்ளே என்றால் பெனால்டி. ஓரிரு அடி இடைவெளியில் ஒரு கோப்பை கைமாறக்கூடிய தருணம் அது.

திமித்ரி பெட்ராடோஸ் அந்த பெனால்டியை கோலாக்கினார். ஆட்டம் 2-2 என்று சமன் ஆனது. கூடுதல் நேரத்தில் இரு தரப்புக்கும் கோல் விழவில்லை. பின்னர் நடந்த பெனால்டி உதைகளில் மோகன் பகான் 4-3 என்று வென்றது. பெங்களூரு தரப்பில் புரூனோ ராமிரெஸின் உதையை கோல் காப்பாளர் விஷால் கெய்த் தடுத்தார். கடைசி உதையை அடிக்க வந்தவர், விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும், அதே பாப்லோ பெரெஸ். அவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

அன்றிரவே பெங்களூரு அணியின் உரிமையாளர் பார்த் ஜிண்டால் சமூக வலைத்தளத்தில் தம் மனக்குமுறலைப் பதிவு செய்தார். சில முடிவுகள் அதிர்ச்சியளிப்பவை, இந்த லீக்குக்குக் காணொளி உதவி நடுவர் முறை தேவை, தம் அணி இன்று தோற்கவில்லை என்பது அதன் சாரம். உரிமையாளரே அவ்வாறு எழுதும்போது ரசிகர்கள் எவ்வாறு எழுதியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நடுவர் தவறு செய்துவிட்டார் என்பதில் தொடங்கிய பேச்சு, நடுவர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்று மாறி, கோப்பை யாருக்கு என்பது முன்பே முடிவாகிவிட்டது என்பதில் சென்று நின்றது. எல்லா நாட்டிலும், எல்லா இறுதியாட்டத் தோல்விக்குப் பின்னும் பேச்சு இந்த மூன்று படிகளில்தான் ஏறுகிறது.

அந்த ஆட்டத்தில் உதைகளுக்கு முன்னரே மூன்று பெனால்டிகள் கொடுக்கப்பட்டன என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. பதினான்காவது நிமிடத்தில் ராய் கிருஷ்ணாவின் கையில் பந்து பட்டதற்காக மோகன் பகானுக்கு ஒன்று. முற்பாதி முடியும் தறுவாயில் அதே ராய் கிருஷ்ணா வீழ்த்தப்பட்டதற்காக பெங்களூருவுக்கு ஒன்று; அதை சுனில் சேத்ரி கோலாக்கினார். மூன்றாவதுதான் சர்ச்சைக்குரியது. தங்களுக்குக் கிடைத்த பெனால்டியைப் பற்றி பெங்களூரு ரசிகர்கள் எவரும் ஐயம் எழுப்பியதாகத் தெரியவில்லை. எழுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

ஆனால் இக்கதைக்கு ஒரு முன்கதை உண்டு. சரியாகப் பதினைந்து நாள்களுக்கு முன்பு, மார்ச் 3 அன்று, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் அதே பெங்களூரு அணி கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை வெளியேற்றும் சுற்றில் சந்தித்தது. தொண்ணூறு நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் 96-ஆவது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே, கோல் காப்பாளர் தம் இடத்துக்கு வரும் முன்பே, சேத்ரி பந்தை வலைக்குள் தட்டிவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் அதை கோல் என்று அறிவித்தார்.

கேரள அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை மைதானத்தை விட்டு வெளியே அழைத்தார். அவர்கள் திரும்பவில்லை. இந்தியன் சூப்பர் லீக் வரலாற்றில் அதுவரை நடவாத நிகழ்வு அது. ஆட்டம் பெங்களூருவுக்கு வெற்றியாக அறிவிக்கப்பட்டது.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் பெற்ற அணி, எதிரணி 9.15 மீட்டர் விலகி நிற்கும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. விரும்பினால் உடனே அடிக்கலாம். ஆனால் தடுப்புச் சுவரைப் பின்னுக்குத் தள்ளும் பணியில் நடுவர் இறங்கிவிட்டாரென்றால், அவருடைய விசில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கணத்தில் நடுவர் எதைச் செய்துகொண்டிருந்தார் என்பதே வழக்கு. தமக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டதாக சேத்ரி பின்னர் விளக்கினார். கேரளத் தரப்போ, நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்றே தாங்கள் கருதியதாகச் சொன்னது. மைதானத்தில் நடந்த அந்த உரையாடலை மக்கள் கேட்க வழியிருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு இது.

மார்ச் முதல் வாரத்தில் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவரின் முடிவே இறுதியானது என்று பாடம் நடத்தியவர்கள் பெங்களூரு ரசிகர்கள். மூன்றாவது வாரத்தில் நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்யும் கருவி வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே. இதை இரட்டை வேடம் என்று எள்ளி நகையாடிய கேரள ரசிகர்கள், கண்டீரவா கோல் தங்கள் அணிக்குக் கிடைத்திருந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்பதும் ஊகிக்கக் கடினமானதன்று.

தமிழகத்து ரசிகர்கள் இதில் தங்களை விலக்கி வைத்துக்கொள்ள முடியாது. 2015 டிசம்பர் 20 அன்று இதே ஃபட்டோர்டா மைதானத்தில் சென்னையின் எஃப்சி தன் முதல் கோப்பையை வென்றது. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. சென்னை இறுதி நிமிடங்களில் இரு கோல்கள் பெற்று 3-2 என்று வென்றது. நமக்கு அது மறக்கவியலாத மீட்சி. கோவாக்காரர்களுக்கு அது கசப்பான இரவு. தோற்ற அணி பரிசளிப்பு விழாவைப் புறக்கணித்தது. கோவா அணியின் இணை உரிமையாளர் ஒருவரைத் தாக்கினார் என்ற புகாரில் சென்னை அணியின் தலைவர் எலானோ கைதாகிப் பிணையில் வந்தார். அடுத்த ஆண்டு லீக்கின் ஒழுங்குமுறை ஆணையம் கோவா அணிக்கு 11 கோடி ரூபாய் அபராதமும் 15 புள்ளிகள் குறைப்பும் விதித்தது. மேல்முறையீட்டில் அத்தண்டனை வெகுவாகக் குறைக்கப்பட்டது. இந்தப் பின்கதையைச் சென்னையில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? வென்றவர்களின் நினைவில் கோல்கள் மட்டுமே தங்குகின்றன.

இக்கட்டுரையாளர் வளர்ந்த ரெட்டிபாளையம் பகுதி கால்பந்துக்குப் பெயர் பெற்றதன்று. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலையும் லாரிகளும் நிறைந்த அரியலூர் மாவட்டத்து மண்ணில் கபடிதான் விளையாட்டு. பொங்கலையொட்டி நடக்கும் கபடிப் போட்டிகளில் முதலில் எழும் கேள்வி, எந்த ஊர் அணிகள் வருகின்றன என்பதன்று. நடுவர் எந்த ஊர்க்காரர் என்பதுதான். போட்டி நடத்தும் ஊர்க்காரரே நடுவராக நின்றால், ரைடு போனவரின் கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதை எவரும் அவர் சொல்லி ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இரு தரப்புக்கும் உறவில்லாத மூன்றாம் ஊரிலிருந்து ஒருவரை அழைத்து வருவார்கள். அவர் வந்து சேரும் வரை ஆட்டம் தொடங்காது. நடுவர் என்ற சொல்லுக்கு நடுவில் நிற்பவர் என்பதே பொருள் என்பதை ஊரார் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தோற்றவர்களின் ஐயத்தை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதைப் பற்றிய ஆய்வுகளைப் பார்த்தால் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது என்பது விளங்கும். அவை இரு பக்கமும் வெட்டுகின்றன.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே 1951 நவம்பரில் முரட்டுத்தனமான ஓர் ஆட்டம் நடந்தது. அது அமெரிக்கக் கால்பந்து. நம் கால்பந்து அன்று. எலும்பு முறிவு வரை சென்ற அந்த ஆட்டத்தின் படச்சுருளை ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, கண்ணில் பட்ட விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் வீரர்கள் செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் குறித்த விதிமீறல்களைப் போல் இருமடங்குக்கும் மேலாக பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். படம் ஒன்றே. பார்த்தவர்கள் பொய் சொல்லவுமில்லை. ஒரே ஆட்டத்தில் அவரவர் தனித்தனி ஆட்டத்தைக் கண்டார்கள் என்பதே 1954-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

ரசிகரின் கண் சாயும் என்றால் நடுவரின் கண் சாயாதா? சாயும். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் நெவில் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் தகுதி பெற்ற 40 நடுவர்களிடம் ஒரு லீக் ஆட்டத்தின் மோதல் காட்சிகள் காட்டப்பட்டன. ஒரு பகுதியினர் கூட்டத்தின் இரைச்சலுடன் பார்த்தார்கள். மற்றவர்கள் ஒலியின்றிப் பார்த்தார்கள். இரைச்சலைக் கேட்டவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராகக் குறித்த தவறுகள் மற்றவர்களைவிட 15.5 விழுக்காடு குறைவு. அவர்களில் எவருக்கும் எவரும் காசு கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கத்தும்போது, ஐயத்துக்கு இடமான கணத்தில் விசில் உதட்டிலேயே நின்றுவிடுகிறது.

ஸ்பெயின் லீக் ஆட்டங்களில் நடுவர்கள் சேர்க்கும் நிறுத்த நேரத்தை மூன்று பொருளியலாளர்கள் கணக்கிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கிடைத்த கூடுதல் நேரம், அது ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது கிடைத்ததைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு. இரு கோல் வித்தியாசம் இருக்கும் ஆட்டங்களில், அதாவது கூடுதல் நிமிடங்களால் பெரிதாக எதுவும் மாறாது என்ற நிலையில், இந்தச் சாய்வு காணப்படவில்லை. கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஆளில்லாத மைதானங்களில் ஐரோப்பிய ஆட்டங்கள் நடந்தபோது, வெளியூர் அணிகளுக்கு அட்டை காட்டுவதில் இருந்த கூடுதல் கடுமை தணிந்ததைப் பல ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆகவே நடுவர்கள் சாய்வதுண்டு என்று ரசிகர் சொல்வது உண்மை. அதற்கு அவர் கற்பிக்கும் காரணம்தான் பெரும்பாலும் பிழை. மேலும் ஒன்று: இந்தச் சாய்வு உள்ளூர்க் கூட்டத்தின் பக்கம் செல்வது. பெங்களூருவும் கொல்கத்தாவும் மட்காவில் மோதும்போது அதற்கு உரிமை கோர ஒருவருமில்லை. ஃபட்டோர்டாவின் அந்த பெனால்டியை விளக்க இச்சாய்வுகூடத் தேவையில்லை. வேகமாக ஓடும் இருவர், பின்னாலிருந்து பார்க்கும் ஒரு மனிதர், ஒரு வெள்ளைக் கோடு, ஒரு நொடிக்கும் குறைவான நேரம். இவை போதும்.

உண்மையான மோசடிகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அவற்றைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். ஜெர்மனியின் நடுவர் ராபர்ட் ஹாய்ட்சர் பந்தயக் கும்பலிடம் பணம் பெற்று ஆட்டங்களைத் திருப்பியதாக 2005-இல் ஒப்புக்கொண்டு, இரண்டு ஆண்டு ஐந்து மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் திருப்பிய ஆட்டங்களில் நன்கு அறியப்பட்டது ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்றில் 2004 ஆகஸ்டில் நடந்த ஒன்று. 2-0 என்று முன்னிலையில் இருந்த ஹாம்பர்க் அணி, கீழ்நிலை லீக்கைச் சேர்ந்த பாடர்போர்னிடம் 4-2 என்று தோற்றது. தேசமே கண்கொட்டாமல் பார்க்கும் இறுதியாட்டத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு எந்த அணி வென்றாலும் ஒன்றுதான். பந்தயம் வென்றால் போதும்.

இத்தாலியில் 2006-இல் வெடித்த ஊழல் வேறு வகை. யுவென்டஸ் கழகத்தின் மேலாளர் லூசியானோ மோஜி, நடுவர்களை ஆட்டங்களுக்கு ஒதுக்கும் அதிகாரிகளுடன் தொலைபேசியில் நெருங்கிப் பேசிவந்தது ஒட்டுக்கேட்பில் அம்பலமானது. யுவென்டஸ் 2004-05, 2005-06 பட்டங்களை இழந்து இரண்டாம் நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டது. அங்கே சாய்வு மைதானத்தில் தொடங்கவில்லை. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று பட்டியலிடும் அலுவலக அறையில் தொடங்கியது. கடைசி நிமிட பெனால்டியை நூறு முறை ஓட்டிப் பார்க்கும் ரசிகர்கள் அந்த அறையை நோக்கி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நம் நாட்டிலும் நடுவர் ஒதுக்கீடு எந்த அளவுகோலின்படி நடக்கிறது என்பதை அறிய முயன்ற ரசிகர் மன்றம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

ஐயம் வெறும் பேச்சாக நின்றால் கேடில்லை. 1964 மே 24 அன்று பெரு நாட்டின் லிமா நகரில், அர்ஜென்டினாவுக்கு எதிராக பெரு அடித்த சமன் கோலை நடுவர் செல்லாது என்று அறிவித்தார். கூட்டம் பொங்கி எழுந்தது. காவலர் கண்ணீர்ப்புகை வீசினர். மூடிய வாயில்களில் நெரிசலில் சிக்கி அதிகாரபூர்வக் கணக்கின்படியே 328 பேர் மாண்டனர். கொல்கத்தா ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் வீரர்களிடையே மூண்ட மோதல் பார்வையாளர் வரிசைக்குத் தாவி, 16 பேர் உயிரிழந்தனர். வங்கத்தில் அந்த நாள் இன்றும் கால்பந்து ரசிகர்கள் நாளாக நினைவுகூரப்படுகிறது. 2012 டிசம்பரில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில், மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டதும் கூட்டம் கொந்தளித்தது. வரிசையிலிருந்து பறந்து வந்த கல் மோகன் பகானின் சொந்த வீரரான ரஹீம் நபியைத் தாக்கியது. இடைவேளைக்குப் பின் அந்த அணி ஆட மறுத்தது.

இவ்வளவு விலை கொடுத்தும் நம் கால்பந்து நிர்வாகம் கற்ற பாடம் தண்டனை ஒன்றுதான் போலும். கண்டீரவா வெளிநடப்புக்காக கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பொது மன்னிப்புக் கேட்காவிட்டால் அது 6 கோடியாகும் என்றது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும். ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டுச் செல்வது தண்டனைக்குரியதே. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் வெளியேறியவர்கள் கேட்ட கேள்வி, அந்தக் கணத்தில் நடுவர் என்ன சொன்னார், ஏன் அதை கோல் என்று கொடுத்தார் என்பது. அபராதத் தொகை நாட்டுக்கே தெரிந்த அளவுக்கு இந்தக் கேள்விக்கான விடை தெரியவில்லை.

கிரிக்கெட் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. சொந்த நாட்டு நடுவர்கள் சாய்கிறார்கள் என்று ஒவ்வோர் அணியும் குற்றம் சாட்டிவந்த காலத்தில், பாகிஸ்தான் அணித் தலைவர் இம்ரான் கான் ஒரு வழி கண்டார். 1986 நவம்பரில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்துக்கு நடுவர்களாக நின்றவர்கள் இந்தியர்களான வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும். இந்தியர்களை அழைத்து பாகிஸ்தான் மண்ணில் நடுவராக நிறுத்தியதைவிடத் துணிவான அறிவிப்பு வேறென்ன இருக்க முடியும்? பின்னர் 1994 முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு ஒரு பொது நாட்டு நடுவர், 2002 முதல் இருவருமே என்று விதியானது. முந்தைய நடுவர்கள் எல்லாரும் நேர்மையற்றவர்கள் என்று எவரும் தீர்ப்பு எழுதவில்லை. அவர்களை ஐயத்துக்கு இடமான இடத்தில் நிறுத்துவதைத் தவிர்த்தார்கள், அவ்வளவே. எங்கள் ஊர்க் கபடியில் மூன்றாம் ஊர்க்காரரை அழைப்பதும் இதே ஏற்பாடுதான். அதற்கு எவரும் சர்வதேச விதி எழுதவில்லை.

கருவி வந்தால் எல்லாம் தீரும் என்பது இன்னொரு நம்பிக்கை. காணொளி உதவி நடுவர் முறை 2018-இல் கால்பந்து விதிகளில் இடம்பெற்று, அவ்வாண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் பயன்பட்டது. 2023 சர்ச்சைகளுக்குப் பின் நம் சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே பெல்ஜியம் சென்று, குறைந்த செலவில் அமையும் எளிய வடிவத்தைப் பார்வையிட்டார். முழு வடிவத்துக்கு ஒவ்வொரு மைதானத்திலும் பல ஒளிப்படக் கருவிகள், தனி அறை, பயிற்சி பெற்ற கூடுதல் நடுவர்கள் எனச் செலவு அதிகம். ஃபட்டோர்டாவில் அன்று அந்தக் கருவி இருந்திருந்தால், உள்ளா வெளியா என்பது சில நொடிகளில் தெரிந்திருக்கும். கோட்டைக் குறித்த கேள்விக்குக் கருவி நன்றாகவே விடை தரும். கையில் பந்து பட்டது வேண்டுமென்றா, தற்செயலா, மோதல் எவ்வளவு கடுமை என்பவற்றுக்கு அங்கும் ஒரு மனிதரே விடை தர வேண்டும்.

கருவியிருந்தும் தவறு நேரும் என்பதற்கு 2023 செப்டம்பர் 30 அன்று நடந்த இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம் சான்று. டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது முறையான கோல். மைதானத்தில் கொடுத்த முடிவு என்ன என்பதையே தவறாகப் புரிந்துகொண்ட காணொளி நடுவர், சரிபார்த்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார், கோல் பறிபோனது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. நடுவர்களின் அமைப்பு தவறை அன்றே ஒப்புக்கொண்டது. சில நாள்களில் அந்த அறையில் நடந்த உரையாடலின் ஒலிப்பதிவையே வெளியிட்டது. பிழையை உணர்ந்த கணத்தில் அறையில் இருந்தவர்கள் பதறுவதை உலகமே கேட்டது. லிவர்பூல் ரசிகர்களின் கோபம் அடங்கவில்லைதான். ஆயினும் அந்தப் பதற்றக் குரல்களைக் கேட்ட பின்பு, அது திட்டமிட்ட சதி என்று வாதிடுவது எவருக்கும் கடினமாயிற்று. அதே ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில், காணொளியைப் பார்த்துவிட்டு வரும் நடுவர் தம் முடிவை ஒலிபெருக்கியில் மைதானத்துக்கே அறிவிக்கும் முறையும் வந்தது.

நம் நாட்டில் இதைச் செய்யப் பெரும் பணம் தேவையில்லை. சர்ச்சைக்குரிய முடிவைப் பற்றி, ஆட்டம் முடிந்த ஓரிரு நாள்களில் நடுவர் துறை ஒரு பக்க விளக்கம் வெளியிடலாம். தவறென்றால் தவறென்று அதில் எழுதலாம். நடுவரின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. விளக்கம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும்போது குறைவதும் அந்த நடுவரின் மதிப்புதான்; அவருடைய பெயரும் முகமும் குடும்பமும் வசைக்கு ஆளாகின்றன. நடுவர் தமக்காகப் பேச முடியாது. பேச அவருக்கு அனுமதியில்லை. அவருக்காகப் பேச வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை.

நடுவராக வருவோர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016-இல் ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். வசதி குறைந்த குடும்பத்திலிருந்து, மைதானத்தில் ஆடி, பின்னர் விசில் ஏந்தியவர். அவரைப் போன்றவர்கள் மாவட்ட ஆட்டங்களில் வெயிலில் ஓடி, தேர்வெழுதி, உடல்தகுதிச் சோதனைகளைக் கடந்து வருகிறார்கள். இந்திய நடுவர்களில் பலர் வேறு பணி பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறார்கள். கோடிகளில் ஊதியம் பெறும் வீரர் தவறவிட்ட பெனால்டியை ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறோம். பாப்லோ பெரெஸ் மேலே பறக்கவிட்ட பந்தைப் பற்றி இன்று யார் பேசுகிறார்கள்? சில ஆண்டுகள் கழிந்தும் பேசப்படுவது அந்த விசில்தான்.

திருக்குறளில் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே உண்டு; பன்னிரண்டாவது. அது தீர்ப்பளிக்கும் இடத்தில் இருப்பவரின் நெஞ்சைப் பற்றியது. நெஞ்சு நேராக இருப்பதும் கண் நேராகப் பார்ப்பதும் வெவ்வேறு என்பதைக் கால்பந்து மைதானம் காட்டுகிறது. முன்னதற்கு ஒழுக்கம் வேண்டும். பின்னதற்கு நல்ல பயிற்சியும் நல்ல இடமும், இயன்றால் ஒரு காணொளிக் கருவியும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கண் பிசகிய ஒருவரை நெஞ்சு பிசகியவர் என்று தூற்றுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ரெட்டிபாளையத்தை அடுத்த ஓர் ஊரில் நடந்த பொங்கல் கபடியின் இறுதியாட்டத்தைப் பார்க்க நேர்ந்தது. கடைசி ரைடில், பாடிச் சென்றவரின் குதிகால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று மூன்றாம் ஊர் நடுவர் விசில் ஊதினார். ஒரு தரப்பு இளைஞர்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள். அவர் கத்தவில்லை. யாரும் மிதித்துவிடாமல் கையால் தடுத்தபடி குனிந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே புழுதியில் பதிந்திருந்த குதிகால் தடத்தை விரலால் சுட்டிக்காட்டினார். பாய்ந்து வந்தவர்களில் இருவர் குனிந்து பார்த்தார்கள். தடம் இவருடையதுதான் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் முனகினார். மற்றவர் பேசாமல் திரும்பி நடந்தார். தோற்ற அணியின் பெரியவர் ஒருவர் அன்றிரவு தேநீர்க் கடையில் அந்த நடுவரை நெடுநேரம் திட்டிக்கொண்டிருந்தார். மறு ஆண்டு பொங்கலுக்கு நடுவர் யார் என்று பேச்சு வந்தபோது, அதே ஆளையே அழைக்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.